நிறையத் தின்னும் கிடாரியை விற்றுவிடலாமா?

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி விரிவாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உள்ளன. ஒன்று ஜெர்சி கலப்பினம், மற்றொன்று எச்.எப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம், இரண்டும் நாட்டு மாட்டுக்குப் பிறந்தவை. ஜெர்சி கலப்பு மாட்டுக்கு எச்.எப். உறைவிந்து ஊசி போட்டதில் பிறந்த கிடாரிக்குக் கருப்பி என்று பெயர். வயது பதினைந்து மாதம். எச்.எப். கலப்பு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டதில் பிறந்தது செவலை; அதற்குப் பதினாறு மாதம். தீவனச் செலவு கையைக் கடிக்கவே, ஒரு வாரம் தூக்குத் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறார். கருப்பி நாளொன்றுக்குப் புல் 22 கிலோ, கேரட், முட்டைக்கோஸ் தழை 12 கிலோ, அடர்தீவனம் 1 கிலோ தின்கிறது. செவலைக்குப் புல் 15 கிலோவும் தழை 8 கிலோவும் அதே 1 கிலோ அடர்தீவனமும் போதுமாக இருக்கின்றன. இரண்டும் ஒரே நீளத் தொட்டியில் அடுத்தடுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. கருப்பி தன் பங்கை முடித்ததும் நாக்கை நீட்டிச் செவலையின் பக்கத்துத் தழையையும் சுருட்டி இழுத்துக்கொள்வதாக ஒரு குறையும் எழுதியிருக்கிறார்.

வீட்டில் மூன்று விதமான கருத்துகள் நிலவுகின்றனவாம். எச்.எப். காளையின் இரத்தம் என்பதால் கருப்பி இனிமேலும் இப்படித்தான் தின்னும், இப்போதே விற்றுவிட வேண்டும் என்கிறார் கொழுந்தனார். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. கருப்பியின் தாயும் பெருந்தீனிக்காரிதானே என்கிறார் மாமியார். மலைக்குக் கீழே சமவெளியில், காரமடையில் இருக்கும் அண்ணனோ, தம்முடைய எச்.எப். கிடாரி இதே வயதில் இவ்வளவு தின்னவில்லை, ஆகவே கருப்பிக்கு ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்கிறார். இவை போதாதென்று வீட்டில் ஐந்து மாத ஜெர்சி காளைக் கன்று ஒன்றும் நிற்கிறது. ஜெர்சி என்றால் தீனி குறைவு, வளர்த்து இறைச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று கூடலூரிலிருந்து ஓர் உறவினர் சொல்லியிருக்கிறார். கருப்பியை விற்றுச் செவலையை வைத்துக்கொள்ளலாமா, காளைக் கன்றை என்ன செய்வது என்பவையே கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் தீனியை நிறுத்ததோடு நிற்காமல், ஊசி போட வந்தவர் சொல்லிக்கொடுத்தபடி நாடாவை வைத்து இரண்டு கிடாரிகளின் மார்புச் சுற்றையும் உடல் நீளத்தையும் அளந்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நான்கு எண்கள் இல்லாவிட்டால் உங்கள் வீட்டு மூன்று கருத்துகளோடு நான் நான்காவது கருத்து ஒன்றைச் சேர்த்திருப்பேனே தவிர, பயனுள்ள பதில் எதையும் சொல்லியிருக்க முடியாது. முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாதங்களைப் பார்த்துவிட்டு அந்த எண்களுக்கு வருகிறேன்.

தகப்பன் வழியா, தாய் வழியா?

கன்றின் மரபுக்கூறில் பாதி காளையிடமிருந்தும் பாதி பசுவிடமிருந்தும் வருகிறது. தீனி எடுக்கும் தன்மையும் இதற்கு விலக்கல்ல. இதை இறைச்சி மாடுகளில்தான் மிக விரிவாக அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரில் உள்ள இறைச்சிக் கால்நடை ஆய்வு மையத்தில், ஹெர்போர்டு, ஆங்கஸ் என்ற பிரிட்டிஷ் இறைச்சி இனப் பசுக்களைப் பொதுத் தாய்களாக வைத்துக்கொண்டு, பல இனக் காளைகளின் விந்தைப் பயன்படுத்திக் கன்றுகளைப் பெற்று, அவற்றின் வளர்ச்சியையும் தீவனப் பயனையும் ஒப்பிட்டார்கள். தாய்ப் பக்கம் மாறாமல் இருந்ததால் கன்றுகளுக்குள் தெரிந்த இன வேறுபாட்டைக் காளையின் கணக்கில் எழுத முடிந்தது. அப்படிப் பார்க்கும்போதும், இரண்டு காளை இனங்களுக்கு இடையில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிதான் கன்றில் வந்து சேரும்.

உங்கள் தொழுவத்தில் தாய்ப் பக்கமும் மாறியிருப்பதால் கணக்கு இன்னும் சுவையானது. கருப்பியின் தாய் பாதி ஜெர்சி, பாதி நாட்டு மாடு. தகப்பன் முழு எச்.எப். ஆகவே கருப்பியில் எச்.எப். பாதி, ஜெர்சி கால், நாட்டு மாடு கால். செவலையின் தாய் பாதி எச்.எப்., பாதி நாட்டு மாடு. தகப்பன் முழு ஜெர்சி. ஆகவே செவலையில் ஜெர்சி பாதி, எச்.எப். கால், நாட்டு மாடு கால். கொழுந்தனார் ஒன்றை எச்.எப். என்றும் மற்றொன்றை ஜெர்சி என்றும் பிரித்துப் பேசுகிறார். உண்மையில் இரண்டிலும் இரண்டு இனமும் இருக்கிறது, இடம் மாறியிருப்பது கால் பங்கு மட்டுமே. தாய் தன் இரண்டு இனக் கூறுகளில் எதை எவ்வளவு கொடுத்தாள் என்பது கன்றுக்குக் கன்று சற்று மாறும் என்பதால் இந்தப் பின்னங்களைச் சராசரியாகவே கொள்ளுங்கள்.

மாமியார் சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு. பசு மரபுக்கூறில் பாதியைத் தருவதோடு கருப்பையையும் பாலையும் தருகிறது. திமில் கொண்ட பிராமன் இனக் காளைக்கும் ஐரோப்பிய இனப் பசுவுக்கும் பிறக்கும் கன்று, அதே இனங்களைத் தாய் தகப்பன் மாற்றிச் சேர்க்கும்போது பிறக்கும் கன்றைவிடத் தெளிவாகக் கூடுதல் எடையோடு பிறக்கிறது; இரண்டிலும் இரத்தம் பாதிக்குப் பாதிதான். ஆனால் இந்தத் தாய்வழிச் செல்வாக்கு பிறப்பிலும் பால்குடிப் பருவத்திலும் மேலோங்கி நின்று, பால் மறந்தபின் படிப்படியாகக் குறைந்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் தாயோடு திரியும் இறைச்சி மாட்டுக் கன்றுக்குத் தாயின் பால் அளவு தலைவிதி மாதிரி. நம் வீடுகளில் கன்றுக்கு எத்தனை காம்பு விடுவது என்பதைக் கறப்பவர் தீர்மானிக்கிறார். சொசைட்டிக்கு ஊற்ற வேண்டிய பாலின் அளவைப் பொறுத்து அது கூடும், குறையும். எனவே செவலை பால்குடியாக இருந்தபோது அதற்கு எவ்வளவு பால் விட்டீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தத் தகவலுக்கு அதன் தாயின் இனத்தைவிட நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

எடையை வைத்துப் பார்த்தால்

மார்புச் சுற்றை அதே சுற்றால் பெருக்கி, அதை உடல் நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். அளவுகள் அங்குலத்தில் இருக்க வேண்டும். கருப்பியின் மார்புச் சுற்று 56, நீளம் 48. எடை சுமார் 228 கிலோ. செவலைக்கு 50, 42. எடை சுமார் 159 கிலோ. நாடாக் கணக்கில் சற்று முன்பின் இருக்கும் என்றாலும் ஒப்பிடுவதற்கு இது போதும்.

அடுத்ததாக, தீனியில் உள்ள நீரைக் கழித்துவிட்டு உலர்பொருளைப் பார்க்க வேண்டும். பச்சைப் புல்லில் நூற்றுக்குப் பதினெட்டு, காய்கறித் தழையில் பத்து, அடர்தீவனத்தில் தொண்ணூறு என்று வைத்துக்கொண்டால், கருப்பி நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ உலர்பொருளும் செவலை 4.4 கிலோவும் எடுக்கின்றன. தராசில் கருப்பி செவலையைவிட நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு கூடுதலாகத் தின்பதாகத் தெரிந்தது. உடல் எடையோடு பொருத்திப் பார்த்தால் கருப்பி தன் எடையில் 2.66 விழுக்காடும் செவலை 2.77 விழுக்காடும் தின்கின்றன. அதாவது கிலோவுக்குக் கிலோ கூடுதலாகத் தின்பது செவலைதான். ஒரே பந்தியில் உட்கார்ந்த பெரியவரையும் சிறுவரையும் இலையில் விழுந்த சோற்றை மட்டும் வைத்து ஒப்பிட்டதுபோல இதுவரை ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

நான் செவலைக்கும் அநியாயம் செய்யக் கூடாது. உடல் பெரிதாகும் அளவுக்கு அதைத் தாங்குவதற்கான தீனித் தேவை கூடுவதில்லை; எடையின் 0.75 அடுக்கை (எடை^0.75) எடுத்து, தீனியை அதோடு ஒப்பிடுவதே முறை. கைப்பேசிக் கணிப்பானிலேயே இதைப் போட்டுவிடலாம். அப்படிப் பார்த்தால் கருப்பி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் கூடுதலாகத் தின்கிறது. நாற்பத்தாறு என்று தொடங்கியது ஐந்தாகச் சுருங்கியிருக்கிறது. அந்த ஐந்திலும் ஒரு பகுதி கருப்பி வேகமாக வளர்வதற்கான செலவு. ஆனால் கருப்பி இழுத்துக்கொண்ட தழை செவலையின் கணக்கில் ஏறியிருப்பதால், உண்மையான வேறுபாடு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இனத்தின் பங்கு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் இறைச்சி மாடுகளுக்காக 1996-இல் வெளியிட்ட தீவனப் பரிந்துரையில், ஹோல்ஸ்டீன் காளைக் கன்றுகளுக்குப் பிரிட்டிஷ் இறைச்சி இனங்களைவிட எட்டு விழுக்காடு கூடுதலாகவும், இரண்டின் கலப்புக்கு நான்கு விழுக்காடு கூடுதலாகவும் தீனி மதிப்பிடப்பட்டிருக்கிறது. உடலைத் தாங்குவதற்கு மட்டும் ஆகும் ஆற்றல் திமில் மாடுகளில் பத்து விழுக்காடு குறைவு என்றும், பால் இனங்களில் இருபது விழுக்காடு கூடுதல் என்றும் அது சொல்கிறது. எச்.எப்., ஜெர்சி இரண்டுமே பால் இனங்கள் என்பதால் அந்த எட்டு விழுக்காட்டை உங்கள் கிடாரிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. கால் பங்கு இடமாற்றத்தால் வரக்கூடிய வேறுபாடு அதைவிடச் சிறியதாகவே இருக்கும். ஜெர்சி என்றால் தீனி குறைவு என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. ஜெர்சியின் உடல் சிறியது. அதனால் மொத்தத் தீனி குறைவு. உடல் எடைக்குப் பொருத்தினால் கறவை ஜெர்சி எச்.எப். மாட்டைவிடக் கூடுதலாகவே தின்னும்.

ஒரே இனத்துக்குள்ளும் தீனி இயல்பு மாட்டுக்கு மாடு மாறும் என்பதையும் இறைச்சி மாட்டு ஆய்வுகளே காட்டின. ஒரு மாட்டின் எடைக்கும் வளர்ச்சிக்கும் எவ்வளவு தீனி தேவைப்படும் என்று கணக்கிட்டு, அது உண்மையில் தின்றதிலிருந்து அதைக் கழித்துப் பார்க்கும் முறையை 1963-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து டிராஞ்சி ஆய்வுப் பண்ணையில், ஆங்கஸ் என்ற ஒரே இனத்துக்குள்ளேயே சிக்கனமாகத் தின்னும் வம்சவழியையும் தாராளமாகத் தின்னும் வம்சவழியையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். ஆகவே எச்.எப். இரத்தம் என்று சொல்லி ஒரு மாட்டைத் தள்ளிவிடுவதற்கு அறிவியலில் இடமில்லை.

காரமடைக் கிடாரி ஏன் குறைவாகத் தின்கிறது?

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. தீனி செரிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாகிறது. வெளியே வெயில் கடுமையாக இருந்தால் அந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் மாடு தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்ளும். எச்.எப். இரத்தம் கூடக் கூட இந்தச் சிரமமும் கூடும். சமவெளிக்கு ஜெர்சியும் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு எச்.எப்.பும் என்று தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை பிரித்து வைத்ததற்குக் காரணமே அதுதான். கோத்தகிரியின் குளிரில் அந்தத் தடை இல்லை. கருப்பி தன் பசிக்குத் தின்கிறது. அது கோளாறு அல்ல. வடகிழக்குப் பருவமழையில் நனைந்து நிற்கும் மாட்டுக்கு உடற்சூட்டைக் காப்பதற்கே கூடுதல் தீனி செலவாகும் என்பதால், கொட்டகையில் ஒழுக்கு இருந்தால் தீவனச் செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை அடைத்துவிடுங்கள்.

என் கவலை செவலையைப் பற்றியது

எச்.எப். கலப்பு மாடு முழு வளர்ச்சியில் சுமார் 450 கிலோவும் ஜெர்சி கலப்பு சுமார் 350 கிலோவும் வரும். முதல் சினை ஊசி போடும்போது கிடாரி அந்த எடையில் அறுபது விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். கருப்பி பாதியைத் தாண்டிவிட்டது. ஒரு மாதம் மூத்த செவலை இன்னும் நாற்பத்தைந்து விழுக்காட்டில் நிற்கிறது. பிறப்பு எடை கருப்பிக்கு 30, செவலைக்கு 22 என்று கொண்டால், கருப்பி நாளொன்றுக்கு 430 கிராம் அளவில் எடை போட்டிருக்கிறது. செவலை 280 கிராம்தான். நீங்கள் சிக்கனம் என்று பாராட்டிய கிடாரி உண்மையில் பின்தங்கிய கிடாரி. குறைவாகத் தின்று குறைவாக வளர்வதில் இலாபம் ஏதுமில்லை. பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பாலில்லாமல் தீனி போடும் மாதமாகும்.

இதற்கான காரணத்தை இனத்தில் தேடுவதற்கு முன்னால் வேறு மூன்று இடங்களில் தேடுங்கள். முதலாவது தொட்டி. கருப்பி நாக்கை நீட்டுவதைக் கருப்பியின் பேராசை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வரியை நான் செவலையின் பட்டினி என்று படிக்கிறேன். இரண்டாவது குடற்புழுவும் கல்லீரல் தட்டைப்புழுவும். ஊற்று நிலத்திலும் சதுப்பிலும் அறுத்த புல்லைத் தின்னும் மாடுகளுக்கு நத்தை வழியாகத் தட்டைப்புழு வருவது மலையில் வழக்கம். செவலையின் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தாலும், தாடைக்கு அடியில் தொங்கும் வீக்கம் தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் புதுச் சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எந்தப் புழு என்று தெரிந்தபின் மருந்து கொடுப்பதே சரி. மூன்றாவது, முன்பே சொன்ன பால்குடிப் பருவம். அதை இனித் திருத்த முடியாது என்றாலும் நல்ல தீனியால் ஓரளவு ஈடுகட்டலாம்.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

இன்றைக்கே கருப்பியை விற்பது மிக மோசமான தேர்வு என்பது என் கருத்து. 450 கிராம் வேகத்தில் வளர்ந்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது 270 கிலோவை எட்டி ஊசிக்குத் தயாராகிவிடும். செலவின் பெரும்பகுதியைச் செய்துவிட்டு, பலன் வரும் வாசலில் நிற்கும் மாட்டைக் கைமாற்றுவதாகவே அது முடியும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நெருக்கடி இருந்தால் நான் செவலையைத்தான் விற்கச் சொல்வேன். அதையும் புழு நீக்கி, எடை ஏற்றியபின் விற்றால் நல்ல விலை கிடைக்கும். உங்கள் நிலத்தில் பசுந்தீவனம் உண்மையிலேயே போதாது, கோடையில் மேட்டுப்பாளையத்திலிருந்து வைக்கோல் வாங்கியே தீர வேண்டும் என்றால் மட்டும் சிறிய உடல் கொண்ட செவலையின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய மாடு தன் அளவுக்குத் தின்றே ஆகும். பாதித் தீனியில் கட்டி வைத்த எச்.எப். கலப்பைவிட வயிறு நிறைந்த ஜெர்சி கலப்பு மேலானது.

முடிவெடுப்பதற்கு முன்னால் தொட்டியின் நடுவில் நாக்கு எட்டாத உயரத்துக்கு ஒரு பலகையை அடித்துவிடுங்கள். காலையும் மாலையும் வைத்ததையும், மறுநாள் காலையில் மிஞ்சியதையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். ஆய்வுப் பண்ணைகளில் தீனியை முப்பத்தைந்து நாளும் எடை ஏற்றத்தை எழுபது நாளும் அளப்பது வழக்கம். உங்களுக்குப் பத்து நாள் தீனிக் கணக்கும், மாதம் ஒருமுறை ஒரே வேளையில் எடுக்கும் நாடா அளவும் போதும். செவலைக்கு அடர்தீவனத்தை ஒரேயடியாக இல்லாமல் சிறிது சிறிதாக ஒன்றரைக் கிலோவுக்கு உயர்த்தி, தாது உப்புக் கலவையும் சேர்த்துக்கொடுங்கள். முட்டைக்கோஸ் தழையை இப்போதுள்ள அளவுக்கு மேல் எந்தக் கிடாரிக்கும் கூட்ட வேண்டாம். அதிகமானால் வயிறு உப்பும். மருந்து அடித்த தோட்டத்துத் தழையையும், களைக்கொல்லி தெளித்த தேயிலைத் தோட்டத்து இடைப்புல்லையும் அறவே தவிர்த்துவிடுங்கள்.

காளைக் கன்றைப் பற்றி

இதில் தீனிக் கணக்குக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாமல் போனது, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனது என்று உரிய அதிகாரி எழுத்தில் சான்று தந்த மாட்டை மட்டுமே இறைச்சிக்கு வெட்டலாம். ஐந்து மாதக் கன்றை இரண்டு வயது வரை கொழுக்க வைத்து விற்கும் வழிக்கு இங்கே இடமில்லை. மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகும் வண்டி மடக்கப்பட்டால் வழக்கில் உங்கள் பெயரும் சேரக்கூடும். வளர்ப்பதற்கு வாங்கும் ஒருவரிடம் காதுவில்லை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துச் சீட்டோடு கொடுத்துவிடுங்கள். இனி இந்தச் சிக்கல் வராமல் இருக்க, பாலினம் பிரித்த உறைவிந்து உங்கள் மருந்தகத்தில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் கிடாரிக் கன்றே பிறக்கும்.

ஊசி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருப்பி, செவலை இரண்டிலும் அயல் இரத்தம் ஏற்கெனவே முக்கால் பங்கு இருப்பதால், அடுத்த தலைமுறைக்கு முழு எச்.எப். காளையைவிடக் கலப்பினக் காளையின் விந்தைக் கேட்டு வாங்குவது நல்லது. முதல் ஈற்றில் பெரிய கன்று சிக்கிக்கொள்ளும் அபாயமும் அதனால் குறையும். செவலைக்கு 210 கிலோ ஆகும் வரை, அது பருவத்துக்கு வந்து கத்தினாலும், ஊசி போட வேண்டாம். ஊசி போடும் நாளில் விந்துக் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணையும் இனத்தையும் காதுவில்லையின் பன்னிரண்டு இலக்க எண்ணோடு சேர்த்து உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாள் தீனிக் கணக்கும் சாணப் பரிசோதனை முடிவும் கைக்கு வந்தபின் எழுதுங்கள். செவலைக்கு வைக்க வேண்டிய தீனியின் அளவை அப்போது துல்லியமாகச் சொல்கிறேன்.